திருகோணமலையில் டேப்லெட்டுக்கு டேட்டா சிம் வாங்குவோர் கவனத்திற்கு

திருகோணமலை பஸ் நிலையத்தை அண்டிய ஒரு கைத்தொலைபேசிக் கடையில், கனடாவிலிருந்து வந்திருந்த என் பெரியம்மாவின் மகளுக்கு டேப்லெட்டில் போடுவதற்கென்று விற்கப்பட்ட டேட்டா சிம், சொல்லி விற்கப்பட்ட பொருளாக இருக்கவில்லை. விடுமுறைக் காலத்தில் நிலாவெளி, உப்புவெளி, குச்சவெளி என்று நம் உறவினர்கள் பலர் வந்து தங்குவதால், அவர்களும் அவர்களுக்குத் துணையாகக் கடைக்குப் போகிறவர்களும் இதை அறிந்திருக்க வேண்டும் என்று எண்ணி நடந்ததை விரிவாக எழுதுகிறேன்.

அக்கா பயணத்தின்போதும் அலுவலக வேலை செய்கிறவர். மின்னஞ்சலில் கோப்புகளைப் பெற்று, திருத்தி அனுப்ப அவரிடம் இருந்தது சிம் தட்டு உள்ள ஓர் ஐபேட் மட்டுமே. கைத்தொலைபேசி கனடா இணைப்பிலேயே ரோமிங்கில் இருந்தது. இந்தத் தேவையைக் கடைக்காரரிடம் நாங்கள் தெளிவாகவே சொன்னோம். "முப்பது நாளைக்கு அறுபது ஜீபீ அக்கா, வேற ஒண்டும் போடத் தேவையில்லை, எல்லாத்துக்கும் வேலை செய்யும்" என்று அவர் உறுதி கூறினார். கடவுச்சீட்டை வாங்கித் தம் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டார். சிம்மை ஐபேடில் போட்டு, வைபையை நிறுத்தி, யூடியூபில் ஒரு காணொளியை ஓடவிட்டுக் காட்டினார். பணம் கொடுத்தோம், பற்றுச்சீட்டுக் கேட்டபோது, ரீலோடுக்கு யாரும் பில் கொடுப்பதில்லை என்றார்.

மூதூர் தாண்டி வெருகல் நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது மின்னஞ்சல் நின்றது; வரைபடமும் திறக்கவில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் செய்திகள் வந்துகொண்டிருந்தன, யூடியூபும் ஓடியது. கடைக்குத் தொலைபேசியில் பேசியபோது, அந்தப் பக்கம் டவர் இல்லை என்று முதலில் சொன்னார்கள். டவர் இல்லாத இடத்தில் வாட்ஸ்அப் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டதும், ஐபேட் தானாகவே புதுப்பிப்புகளைப் பதிவிறக்கி டேட்டா முழுவதையும் தீர்த்துவிட்டது என்று பேச்சு மாறியது. சிம் போட்ட அன்றே ஐபேடின் அமைப்புகளில் மொபைல் டேட்டா கணக்கை அக்கா பூச்சியமாக்கி வைத்திருந்தார்; அதுவரை செலவான மொத்த அளவு 60 ஜீபீக்கு அருகில்கூட வரவில்லை என்பதை அந்தக் கணக்கு காட்டியது.

உண்மை, சிம்மைக் கழற்றி உறவினர் ஒருவரின் கைத்தொலைபேசியில் போட்டு மீதியைப் பார்த்தபோதுதான் வெளிப்பட்டது. அறுபதில் எந்த நேரத்திலும் எதற்கும் பயன்படுத்தக்கூடியதாக இருந்தது 5 ஜீபீ மட்டுமே. 25 ஜீபீ நள்ளிரவு 12 மணி முதல் காலை 8 மணி வரைக்கும் உரியது. மீதி 30 ஜீபீ யூடியூப், பேஸ்புக், வாட்ஸ்அப் ஆகியவற்றுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. கடைக்காரர் யூடியூபைத் திறந்து காட்டியதன் காரணம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது: அந்தப் பெக்கேஜில் எப்போதும் தடையின்றி ஓடக்கூடியது அதுதான். இரவு டேட்டாவும் சமூக ஊடக டேட்டாவும் சேர்ந்த பெக்கேஜ்கள் இலங்கையில் வெளிப்படையாகவே விற்கப்படுகின்றன, அவற்றை விரும்பி வாங்குகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள், அதில் எந்தப் பிழையும் இல்லை. அலுவலக வேலைக்கென்று சொல்லிக் கேட்டவரிடம் அந்தப் பிரிவினையை மறைத்து விற்றதையே நான் ஏமாற்று என்கிறேன்.

டேப்லெட் வைத்திருப்பவரிடம் இப்படி மறைப்பது எளிது. கைத்தொலைபேசியில் என்றால் நிறுவனத்தின் குறியீட்டு இலக்கத்தை அழுத்தி மீதியை அந்த இடத்திலேயே பார்த்துவிடலாம். ஐபேடிலோ அழைப்பு எடுக்கும் வசதியே இல்லை. பெக்கேஜின் விவரத்தைத் தாங்கி நிறுவனம் அனுப்பும் குறுஞ்செய்தியையும் அதில் படிக்க இயலாது. ஆகவே, கடையை விட்டு இறங்கும் முன் சிம்மை எவருடையதேனும் ஒரு கைத்தொலைபேசியில் போட்டு, பெக்கேஜின் பெயரையும், எந்த நேரத்துக்கு எவ்வளவு என்ற பிரிவினையையும் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். அதன் பிறகு டேப்லெட்டில் போட்டு, வைபையை நிறுத்திவிட்டு, மின்னஞ்சலில் ஒரு கோப்பை அனுப்பிப் பாருங்கள். காணொளி ஓடுவதைச் சோதனையாக ஏற்காதீர்கள். டேப்லெட்டில் சிம் போடும் வசதி இருக்கிறதா என்பதையும் வீட்டிலேயே பார்த்துவிடுவது நல்லது. வைபை மட்டும் உள்ள மாதிரிகளில் அமைப்புகளுக்குள் மொபைல் டேட்டா என்ற பகுதியே இராது. 2024இல் வெளியான ஐபேட் புரோ போன்றவற்றில் சிம் தட்டு இல்லை, அட்டை இல்லாமல் கருவிக்குள்ளேயே பதிவாகும் ஈசிம் மட்டுமே, அதற்கு நிறுவனத்தின் சொந்தக் கிளைக்குப் போவதே பாதுகாப்பானது.

டேட்டா போனதைவிட என்னை அதிகம் கலங்க வைத்தது அடுத்து நடந்ததுதான். பெக்கேஜை மாற்றித் தரும்படி நிறுவனத்தின் கிளைக்குப் போனபோது, அந்த எண் அக்காவின் பெயரில் இல்லை, வேறொருவரின் அடையாள அட்டையில் பதிவாகியிருக்கிறது, ஆகையால் எதையும் மாற்ற முடியாது என்றார்கள். பதிவுப் பெயருக்கு உரியவர் நாளை அந்த எண்ணைத் தமதென்று கேட்டு நிறுத்திவிடலாம். அதே எண்ணுக்கு அவர் புதிய சிம் எடுத்தால், இடைப்பட்ட காலத்தில் அந்த எண்ணைக் கொடுத்து நாம் திறந்த கணக்குகளின் கடவுக்குறியீடுகள் அவரிடம் போய்ச் சேரலாம். இன்னொரு கேள்வியும் எழுகிறது. சிம் வேறொருவரின் பெயரில் என்றால், அக்காவின் கடவுச்சீட்டைப் படம் பிடித்தது எதற்காக? அதைக் கொண்டு வேறு எண்கள் பதிவு செய்யப்பட்டனவா என்று கிளையில் எழுத்து மூலம் கேட்டிருக்கிறோம். உள்ளூரில் இருப்பவர்கள் தங்கள் தேசிய அடையாள அட்டையில் எத்தனை எண்கள் பதிவாகியுள்ளன என்பதைத் தம் கைத்தொலைபேசியில் #132# அழுத்திப் பார்க்கலாம். தெரியாத எண் ஏதேனும் இருந்தால் உடனே கிளைக்குப் போய் நீக்கச் சொல்லுங்கள். எங்கே சிம் வாங்கினாலும், பதிவு யார் பெயரில் நடக்கிறது என்பதைத் திரையில் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கடைக்குத் திரும்பிப் போனோம். "கோபப்படாதீங்க அக்கா, இன்னொரு ரீலோட் போட்டாச் சரியாப் போயிடும்" என்றதே பதிலாகக் கிடைத்தது. பணத்தைத் திருப்பித் தர மறுத்தார்கள், கடவுச்சீட்டின் படத்தை எங்கள் முன்னிலையில் அழிக்கும்படி கேட்டதற்கு, ஏற்கெனவே அழித்துவிட்டதாகச் சொன்னார்கள்.

இத்தகைய வியாபாரத்துக்கு எதிராகச் சட்டம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடை செய்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை என்றும் சொல்கிறது. முறைப்பாட்டை அந்த அதிகாரசபைக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். விவரம் கேட்க 1977 என்ற இலக்கம் உண்டு. சிம் பதிவு பற்றிய பிரச்சினைகளுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவை 1900இல் அழைக்கலாம். பற்றுச்சீட்டு இல்லாத எங்களுக்குச் சான்றாக இருப்பவை சிம் வந்த உறை, அன்று எடுத்த மீதித் திரையின் படம், கடையுடன் பேசிய அழைப்புகளின் பட்டியல் ஆகியவைதான். அவற்றின் பிரதிகளை முறைப்பாட்டுடன் இணைத்திருக்கிறோம். உங்களுக்கும் இதுபோல நடந்திருந்தால் சிம் உறையை எறிந்துவிடாதீர்கள், அதில் உள்ள தொடர் எண் தேவைப்படும்.

விசாரணை முடியும்வரை கடையின் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. கடவுச்சீட்டு பற்றிய கேள்விக்குக் கிளையிலிருந்து எழுத்துப் பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் இதே பதிவின் கீழ் சேர்க்கிறேன்.