தண்டையார்பேட்டை சைகை மொழி வகுப்பு: வேலைக்காகப் படிக்கிறவர்கள் சேரும் முன் படியுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இங்கே கொடுக்கும் சான்றிதழை வைத்துக்கொண்டு எங்கேயும் வேலை கிடைக்காது. அது தெரிந்து சேர்ந்தால் மூன்று மாதத்துக்கு ரூ.2,500 என்பது ரொம்பக் குறைவுதான்.

தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம். கீழே ஜெராக்ஸ் கடை, பக்கத்தில் டீக்கடை, குறுகலான மாடிப்படி, மேலே ஒரு ஹால். சனி, ஞாயிறு சாயங்காலம் மட்டும் வகுப்பு. நான் ராயபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பில்லிங் கவுன்ட்டரில் இருக்கிறேன். காது கேளாதவர்கள் வந்தால் துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டித்தான் சமாளிக்கிறோம், அதில் பாதிப் பேருக்கு நாங்கள் எழுதுகிற தமிழும் புரிவதில்லை. சரி, இதை ஒழுங்காகப் படித்து மொழிபெயர்ப்பாளர் வேலைக்கே போய்விட்டால் என்ன என்றுதான் சேர்ந்தேன். அதனால் இந்த விமர்சனம் அந்தக் கண்ணோடுதான் இருக்கும், பொழுதுபோக்குக்குக் கற்பவர்களுக்கு வேறு மாதிரி தோன்றலாம்.

இந்த வகுப்பின் பெரிய பலம், சொல்லிக்கொடுப்பவர் காது கேளாதவர் என்பது. எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். பகலில் அச்சகத்தில் வேலை, வார இறுதியில் இது. உதவிக்கு ஒரு அக்கா இருக்கிறார். அவருக்குக் காது கேட்கும், அம்மா அப்பா இருவருக்கும் கேட்காது, அதனால் அவருக்கு முதல் மொழியே சைகை, தமிழ் அப்புறம் வந்தது. ஆரம்ப வகுப்புகளில் மட்டும் அக்கா வாய்திறந்து விளக்குவார், பிறகு ஹாலுக்குள் யாரும் பேசக்கூடாது. பேசினால் மாஸ்டர் பாடத்தை நிறுத்திவிட்டுக் கைகட்டி நிற்பார். முதலில் எரிச்சலாக இருக்கும், ஆனால் இந்தக் கட்டாயம் இல்லாவிட்டால் நாம் தமிழில் யோசித்து ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு சைகை ஒட்டவைத்துக்கொண்டே இருப்போம். நிறைய பேர் அதைத்தான் சைகை மொழி என்றும் நினைக்கிறார்கள்.

இதற்கென்று தனி இலக்கணம் இருக்கிறது. 'நீ எங்கே போகிறாய்' என்பது 'நீ, போ, எங்கே' என்று வரும், கேள்விச் சொல் கடைசியில்தான். 'இல்லை'யும் கடைசியில்தான், அது நமக்குப் பழக்கமானதே. 'சாப்பிட்டாய்', 'சாப்பிட்டாயா' இரண்டுக்கும் கையில் ஒரு வித்தியாசமும் கிடையாது, புருவம் ஏறி, தலை கொஞ்சம் முன்னால் வந்தால் அது கேள்வி. முகத்தை மரம் மாதிரி வைத்துக்கொண்டு எவ்வளவு அழகாகக் கையை ஆட்டினாலும் மாஸ்டர் புரியவில்லை என்றே தலையாட்டுவார். அக்கா படிக்கட்டில் வைத்து எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, கையைப் பார்க்காத, மூஞ்சியப் பாரு, கை தானா தெரியும்." உண்மைதான். சைகையில் பேசும்போது கண் எதிராளியின் முகத்தில் நிற்க வேண்டும், கைகள் ஓரப் பார்வையில் தெரியும். அது பழக நாளாகும்.

விரல் எழுத்து பற்றி ஒரு எச்சரிக்கை. இன்ஸ்டாகிராமில் வரும் வீடியோக்களில் முக்கால்வாசி அமெரிக்க சைகை மொழி, அதில் எழுத்துகளை ஒரே கையால் காட்டுவார்கள். நம் இந்திய சைகை மொழியில் இரண்டு கை வேண்டும். இடது கைக் கட்டைவிரல் நுனியை வலது ஆள்காட்டி விரலால் தொட்டால் ஏ, அடுத்த விரல் இ, நடுவிரல் ஐ, மோதிர விரல் ஓ, சுண்டுவிரல் யூ. ஆங்கில எழுத்துகள்தான், அதனால் தண்டையார்பேட்டை என்று காட்டுவதற்குள் ஒரு மெட்ரோ போய்விடும். உள்ளூர்க்காரர்கள் யாரும் அப்படி எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பதில்லை, ஒவ்வொரு பேட்டைக்கும் கையில் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் எந்த ஆப்பிலும் கிடைக்காது.

அந்தக் குறுக்குவழிகள் கிடைக்கிற இடம் டீக்கடை. என்னைக் கேட்டால் கட்டணத்தில் பாதி இதற்குத்தான். வகுப்பு முடிந்ததும் மாஸ்டரின் நண்பர்கள் வியாசர்பாடி, கொடுங்கையூர், திருவொற்றியூர் என்று எங்கெங்கிருந்தோ வந்து சேர்வார்கள். கடையில் வெளிச்சமான பக்கமாகப் பார்த்து வட்டமாக நிற்பார்கள், இருட்டில் பேச முடியாது இல்லையா. ஒருவரைக் கூப்பிடத் தோளில் தட்டலாம், கையை அசைக்கலாம், முகத்துக்கு நேராகச் சொடுக்குப் போடக்கூடாது. இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் போக வேண்டியிருந்தால் சட்டென்று போய்விட வேண்டும், மரியாதை என்று நினைத்துக் குனிந்து நெளிந்து நின்றால்தான் இடைஞ்சல். பேச்சில் பூசிமெழுகுவது கிடையாது. என்னைப் பார்த்த இரண்டாவது வாரமே ஒருவர் 'நீ குண்டு, முடி கொட்டுது' என்று காட்டினார், வம்புக்கு இல்லை, கண்ணில் பட்டதைச் சொன்னார், அவ்வளவுதான். சைகைப் பெயரை நாமே வைத்துக்கொள்ள முடியாது, அவர்கள்தான் பார்த்து வைப்பார்கள். எனக்கு என்ன வைத்தார்கள் என்பதை மேலே சொன்னதிலிருந்து நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்கள் சிலர் பள்ளிக்கூடக் கதை சொல்வார்கள். வகுப்பில் கை அசைத்தால் அடி, உதட்டைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொள் என்று கட்டாயம், சைகை எல்லாம் ஹாஸ்டலில் ராத்திரியில் கற்றதுதான். 1880இல் இத்தாலியின் மிலன் நகரில் கூடிய ஆசிரியர்கள் மாநாடு, காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுமுறையே சிறந்தது என்று தீர்மானம் போட்டது. அந்த மாநாட்டைப் பற்றி நான் படித்திருந்தேன், ஆனால் அதன் வால் நம்ம ஊர்ப் பள்ளி வரை நீண்டிருந்தது என்பது டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. மொழிபெயர்ப்பாளர் ஆக நினைப்பவர்கள் இந்தக் கோபத்தைத் தெரிந்துகொள்ளாமல் வரக்கூடாது. 'பாவம், உதவி செய்யலாம்' என்று வருகிறவர்களை இவர்கள் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

குறைகளும் இருக்கின்றன. ஹால் நடுவில் ஒரு தூண், அதன் பின்னால் உட்கார்ந்தவருக்கு அன்றைய வகுப்பு போச்சு. அரைவட்டமாக உட்கார வைத்தால்தான் எல்லோருக்கும் எல்லோருடைய கையும் தெரியும், ஆனால் ஆள் அதிகம் சேர்த்துவிடுவதால் வரிசை போட்டுவிடுகிறார்கள். ட்யூப் லைட் மாஸ்டர் தலைக்குப் பின்னால் இருக்கிறது, முகம் இருட்டடிக்கும். முகம்தான் இலக்கணம் என்று சொல்லிவிட்டு இப்படி வைக்கலாமா? கரண்ட் போனால் வகுப்பும் போச்சு, நாலு பேர் செல்போன் டார்ச் அடித்து ஒப்பேற்றுவோம். கொடுக்கும் நோட்ஸ் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ், எந்த விரல் மடங்கியிருக்கிறது என்றே தெரியாது. அதற்குப் பதில் மத்திய அரசின் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையமான ஐ.எஸ்.எல்.ஆர்.டி.சி. வெளியிட்ட அகராதியை யூடியூபில் பாருங்கள், 2021இல் வந்த மூன்றாம் பதிப்பில் 10,000 சொற்கள் இருக்கின்றன, வீடியோ தெளிவு, காசும் இல்லை. சைன் லேர்ன் என்று அவர்களுடைய ஆப்பும் இருக்கிறது.

என் உண்மையான புகார், படிக்கட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ். 'மொழிபெயர்ப்பாளர் ஆகலாம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஆக முடியாது. அதற்கு வழி டி.ஐ.எஸ்.எல்.ஐ. என்ற, சைகை மொழிபெயர்ப்புக்கான இரண்டு வருட டிப்ளமா. பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும், இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த நிறுவனத்தில் படிக்க வேண்டும், முடித்ததும் அந்தக் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2015இல் தொடங்கிய ஐ.எஸ்.எல்.ஆர்.டி.சி. டெல்லியில் இதை நடத்துகிறது, அங்கீகாரம் உள்ள மற்ற இடங்களின் பட்டியல் கவுன்சிலின் இணையதளத்தில் இருக்கும். காது கேளாதவர்களே சைகை மொழி ஆசிரியராக டி.டி.ஐ.எஸ்.எல். என்று தனிப் படிப்பு உண்டு, மாஸ்டரை அதற்கு விண்ணப்பிக்கச் சொல்லி நாங்கள் நச்சரித்துக்கொண்டிருக்கிறோம்.

வேலை இருக்கிறதா என்று வீட்டில் கேட்பார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே கேட்டல் குறைபாடு உள்ளவர்கள் நாடு முழுக்க 50 லட்சத்துக்கு மேல். சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்து நியமிக்க வேண்டும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. 2023 செப்டம்பரில் சாரா சன்னி என்ற காது கேளாத வழக்கறிஞர் மொழிபெயர்ப்பாளர் துணையோடு உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். நம்ம சென்னை மாநிலக் கல்லூரியில் (பிரசிடென்சி) காது கேளாத மாணவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன. தேவை இருக்கிறது, ஆனால் நிரந்தரச் சம்பளத்தோடு அரசு வேலை காத்திருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஆரம்பத்தில் நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்றுதான் ஓடும். அதிலும் உடம்பு வலிக்கிற வேலை, பெரிய கூட்டங்களில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்வார்கள். ஆஸ்பத்திரியிலோ போலீஸ் ஸ்டேஷனிலோ கேட்டதை வெளியே மூச்சு விடக்கூடாது.

டிப்ளமாவுக்குப் பணமும் இரண்டு வருடமும் போடும் முன், இந்த மொழி நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க இந்த மூன்று மாதம் சரியான இடம். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், தூணுக்கும் நோட்டீஸுக்குமாக ஒன்று குறைத்திருக்கிறேன். போகும்போது கோடு, பூ போட்ட சட்டை வேண்டாம், ப்ளெயினாகப் போட்டால்தான் கை எடுப்பாகத் தெரியும். சீக்கிரம் போய் முன்வரிசை பிடியுங்கள். சேர்க்கைக்கு நோட்டீஸில் உள்ள நம்பருக்கு வாட்ஸ்அப் அனுப்புங்கள், மாஸ்டர் நம்பர் அது, சாதாரண கால் போட்டுவிட்டு எடுக்கவில்லை என்று இங்கே வந்து ஒரு ஸ்டார் கொடுக்காதீர்கள், ஏற்கெனவே இரண்டு பேர் கொடுத்திருக்கிறார்கள்.