கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் வ.உ.சி. இழுத்த செக்கு

விடுதலை வரலாற்றைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பும் சென்னைவாசிகள் முதலில் அழைத்துச் செல்ல வேண்டிய இடம் இதுதான் என்பேன். 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளையர் நிறுவனத்துக்குப் போட்டியாகக் கப்பல் விட்ட வழக்கறிஞரை, 1908இல் தேசத்துரோகக் குற்றம் சாட்டித் தண்டித்து, கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகப் பூட்டி இழுக்க வைத்த செக்கு இது. அருகில் நின்று அந்தக் கல்லின் பருமனைப் பார்த்தாலே நெஞ்சு பதைக்கிறது. விளக்கப் பலகை எதுவும் இவ்வளவு சொல்லிவிட முடியாது. காமராசர், இராஜாஜி நினைவிடங்களும் இதே வளாகத்தில்தான் உள்ளன. ஆனாலும் அவசரப்படாமல் இங்கே நின்று, 1912 இறுதியில் விடுதலையானவர் கப்பல்களையும் வழக்கறிஞர் தொழில் உரிமையையும் இழந்து வறுமையில் வாடியதையும், அந்நிலையிலும் திருக்குறள் அறத்துப்பாலுக்கு உரை எழுதியதையும் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.