மண் ஈரம்: எஸ்மேப்பா, சென்டினல்-1-ஆ?

மண் ஈரத் தரவு தேடுகிறவர் கண் முதலில் போவது பிக்சல் அளவின் மேல்தான். நாசாவின் எஸ்மேப் செயற்கைக்கோளில் ஒரு பிக்சல் தரையில் 36 கிலோமீட்டர் அகலம். ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் படத்தில் 10 மீட்டர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று பலரும் 10 மீட்டரை எடுத்துக்கொள்கிறார்கள். யோசிக்க நிறையவே இருக்கிறது.

இரண்டும் நம்பியிருப்பது ஒரே இயற்பியலை. மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு வசப்படும் என்று சொல்லும் எண் மின்காப்பு மாறிலி. தண்ணீருக்கு அது சுமார் 80, காய்ந்த மண்ணுக்கு 3 முதல் 5 வரை. மண்ணில் ஈரம் ஏற ஏற நுண்ணலை அதனிடம் நடந்துகொள்ளும் விதம் மாறுகிறது. அதை எப்படிக் கேட்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

2015 ஜனவரியில் ஏவப்பட்ட எஸ்மேப், மண் தானாக உமிழும் 1.41 கிகாஹெர்ட்ஸ் அலையைக் காது கொடுத்துக் கேட்கிறது. ஈரமான மண் குறைவாக உமிழும், காய்ந்த மண் அதிகமாக உமிழும். அலைநீளம் 21 சென்டிமீட்டர் என்பதால் மிதமான பயிரையும் தாண்டி மேல் 5 சென்டிமீட்டர் மண்ணின் சேதி வருகிறது. அடர்ந்த காடு என்றால் சிரமம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அளவு கிடைக்கும். ஆனால் அந்த உமிழ்வு மிக மெல்லியது. 6 மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனா இருந்தும் பார்வை அகலமாகத்தான் இருக்கிறது. 9 கிலோமீட்டர் தரவு வெளியீடு ஒன்றும் உண்டு. கட்டம்தான் 9, உள்ளே இருக்கும் தகவல் ஏறக்குறைய 33 கிலோமீட்டருக்கானது. கூர்மைக்காகவே கூட அனுப்பிய ரேடார் அதே 2015 ஜூலையில் செயலிழந்துபோனது.

சென்டினல்-1 தானே 5.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை அளக்கிறது. படம் துல்லியம்தான், வரப்புகூடத் தெரியும். ஆனால் எதிரொலியை மாற்றுவது ஈரம் மட்டுமல்ல. ஒரே வயலின் எதிரொலியை ஒரு பருவம் முழுக்க வரைந்து பாருங்கள். மழை பெய்ததும் கோடு ஏறும். சரி. மழையே இல்லாத வாரத்தில் உழுதாலும் ஏறும், ஏனென்றால் கட்டி கட்டியாகக் கிடக்கும் மண் அலையைத் திருப்பி அதிகமாகச் சிதறடிக்கிறது. கோதுமை தண்டு விடும் பருவத்தில் மண் ஈரமாகவே இருக்கும், ஆனால் கோடு இறங்கும். உழவையும் பயிரையும் பிரித்தெடுக்காமல் இதை ஈரப்பதம் என்று எழுதினால், 10 மீட்டர் துல்லியத்தில் தப்பான விடைதான் கிடைக்கும். ரேடார் படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளி இரைச்சலை, பிக்சல்களைச் சராசரி எடுத்துக் குறைத்தபின் அந்த 10 மீட்டரும் மிஞ்சுவதில்லை.

மற்றவற்றில், 2009இல் ஏவப்பட்ட ஐரோப்பியச் செயற்கைக்கோள் எஸ்மாஸ் கேட்பதும் எஸ்மேப்பின் அலைவரிசையைத்தான். தரையிலுள்ள ரேடியோ குறுக்கீடு அதை அதிகம் படுத்தியது. ஐரோப்பாவின் மெட்டாப் வானிலைச் செயற்கைக்கோள்களின் ஆஸ்கேட் ரேடார் கருவி நீண்ட காலத் தொடர் தருகிறது, ஆனால் மண்ணின் கன அளவில் தண்ணீர் எத்தனை பங்கு என்றல்ல, முழுக்க நனைந்த மண்ணை 100 என்று வைத்த செறிவுச் சதவீதமாக. அதை எஸ்மேப் எண்ணோடு நேரடியாக ஒப்பிட்டுவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால், வறட்சி, வெள்ளம், வானிலைக் கணினி மாதிரி போன்ற வட்டார வேலைக்கு எஸ்மேப். தனி வயலுக்கு சென்டினல்-1, ஆனால் எண்ணை நம்பாமல், போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் உள்ள மாற்றத்தை மட்டும் நம்புவேன். இரண்டையும் கலந்து 3 கிலோமீட்டரிலும் 1 கிலோமீட்டரிலும் தரவு வருகிறது. சென்டினல் கடக்கும் நாளில் மட்டுமே கிடைக்கும் என்பதால் இடைவெளி கூடிவிடும். 2025 ஜூலையில் ஏவப்பட்ட நாசா, இஸ்ரோ கூட்டுத் தயாரிப்பான நைசார், நீண்ட அலை ரேடாரோடு வந்திருக்கிறது. பயிரை ஊடுருவுவதில் சென்டினலைவிட மேல். உழவு மேட்டுக்கு அதுவும் ஏமாறும்.

அப்புறம், வேர் ஆழத்து ஈரம் வேண்டுமென்றால் இவை எதுவும் நேரடியாகப் பார்ப்பதில்லை. எஸ்மேப்பின் நான்காம் நிலை வெளியீட்டில் 1 மீட்டர் ஆழம் வரை எண் இருக்கும். அது மேல்மண் அளவீட்டைக் கணினி மாதிரிக்குள் ஊட்டி எடுத்த கணக்கு.