மலிவு டர்போ கிட்: மாஸ்டா எம்எக்ஸ்-5-க்கு எது தேறும், எதைத் தூக்கிப் போட வேண்டும்

இணையத்தில் ‘கம்ப்ளீட் டர்போ கிட்’ என்று பிராண்டு பெயரில்லாமல் ஒரே அட்டைப் பெட்டியில் விற்கிறார்களே, அந்த வகைக் கிட்டைப் பற்றிய மதிப்பீடு இது. மாட்டும் வண்டி, 1993 வரை வந்த 1.6 லிட்டர் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. அமெரிக்காவில் இதற்கு மியாட்டா என்று பெயர், ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர். வெளியேறும் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவை வீட்டு கராஜில் ஏற்ற இதைவிடத் தோதான வண்டி குறைவு. வார்ப்பிரும்பு பிளாக், கை நுழைய இடம் தரும் பானட், இன்ஜின் நீளவாக்கில் நிற்பதால் டர்போவிலிருந்து புகையை எடுத்துச் செல்லும் டவுன்பைப் நேராகக் கீழே இறங்கும். இதே பி6 குடும்ப இன்ஜின் மாஸ்டா 323-ன் டர்போ மாடலிலும் ஓடியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கிட்டில் வரும் இரும்பும் அலுமினியமும் பெரும்பாலும் தேறும். ரப்பர், கேஸ்கெட், போல்ட், ஆயில் லைன் எதுவும் தேறாது. இன்ஜினைக் காப்பாற்றும் சாமான்களான ஈசியு என்ற இன்ஜின் கம்ப்யூட்டர், இன்ஜெக்டர், ஃப்யூல் பம்ப், காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் மீட்டர் பெட்டிக்குள் வரவே வராது. கிட்டுக்குக் கொடுக்கும் அதே தொகையை இவற்றுக்கு இன்னொரு முறை எடுத்து வைக்க முடியாதவர்கள் இதை வாங்காமல் இருப்பதே நல்லது.

பெட்டியில் வருபவை: டி25 அளவு இணைப்புத் தகடு, அதாவது ஃபிளேஞ்ச் வைத்த டி28 நகல் டர்போ, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், அலுமினியப் பைப்புகள், சிலிகான் ஹோஸ், கிளாம்ப், ப்ளோ-ஆஃப் வால்வு, ஆயில் லைன்கள், டர்போ ஏற்றும் காற்றழுத்தமான பூஸ்டை மாற்றக் கையால் திருகும் கன்ட்ரோலர். டவுன்பைப் சில கிட்டுகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. இல்லையென்றால் வெல்டருக்கான செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டத்தையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். கலிபோர்னியாவில் காற்று மாசைக் கட்டுப்படுத்தும் கார்ப் அமைப்பின் ஆணை எண் பெறாத டர்போ கிட் புகைச் சோதனையின் கண் பரிசோதனையிலேயே விழுந்துவிடும். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக ஆர்சியில் உள்ளதை மாற்ற விடாது.

பணம் கட்டுவதற்கு முன் இன்ஜினைச் சோதியுங்கள். சூடான இன்ஜினில் நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து கம்ப்ரஷன் எடுங்கள். நான்கு சிலிண்டருக்கும் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று 150 பிஎஸ்ஐக்குக் கீழே நின்றால் டர்போ பணம் இன்ஜின் வேலைக்குத்தான் போக வேண்டும். கிராங்க் புல்லியையும் ஒரு பார்வை பாருங்கள். அதன் நடுப்பகுதியில் நான்கு வெட்டுகள் மட்டும் தெரிந்தால் அது ஆரம்பகால ‘குட்டை மூக்கு’ கிராங்க். புல்லி ஆடி, சாவித்தடம் தேய்ந்து, டைமிங் தவறும் வரலாறு உள்ளது. எட்டு வெட்டுகள் இருந்தால் கவலையில்லை.

டர்போவைக் கையில் எடுத்ததும் ஷாஃப்டை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். அந்தத் திசையில் ஆட்டம் கையில் உணரும் அளவுக்கு இருக்கக்கூடாது. எண்ணெய்ப் படலத்தில் ஷாஃப்ட் சுழலும் ஜர்னல் பேரிங் டர்போவில் பக்கவாட்டில் சிறு ஆட்டம் இயல்பு. எண்ணெய் ஏறியதும் அது நிரம்பிவிடும். பக்கவாட்டில் அழுத்தியபடி சுழற்றும்போது வீல் ஹவுசிங்கில் உரசினால் மாட்டாமல் திருப்பி அனுப்புங்கள். பூஸ்ட் எல்லை மீறாமல் வாயுவை விலக்கிவிடும் வேஸ்ட்கேட்டின் ஆக்சுவேட்டருக்குச் சைக்கிள் பம்ப்பால் காற்று கொடுத்து, எந்த அழுத்தத்தில் கம்பி நகரத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 6 பிஎஸ்ஐ என்று எழுதி அனுப்பியது 10-ல் திறந்தால், அதுதான் உங்கள் குறைந்தபட்ச பூஸ்ட். கன்ட்ரோலரைத் திருகி அதைக் குறைக்க முடியாது. கன்ட்ரோலரால் ஏற்ற மட்டுமே முடியும்.

மேனிஃபோல்டில் இரண்டு வகை. வளைத்து வெல்டு செய்த ஸ்டெயின்லெஸ் பைப் மேனிஃபோல்ட் பார்க்க அழகு. ஆனால் டர்போவின் எடை முழுவதையும் மெல்லிய பைப்புகள் தாங்க வேண்டும். சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கி, வெல்டு ஓரத்தில் விரிசல் விடும். தடித்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் வரும் கிட்டையே வாங்குங்கள். பூஸ்ட் கொஞ்சம் தாமதமாக ஏறும் என்பார்கள். 7 பிஎஸ்ஐயில் ஓட்டும் தெரு வண்டிக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டே அல்ல. வார்ப்பிலும் ஃபிளேஞ்ச் முகம் நேராக இருக்கிறதா என்று இரும்பு அளவுகோலை வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். 0.15 மில்லிமீட்டர் தகடு நுழைந்தால் லேத் பட்டறையில் கொடுத்து முகம் தேய்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கிட்டுகள் அதிகம் கெட்டபெயர் வாங்குவது ஸ்டட்டில்தான். மேனிஃபோல்டும் டர்போவும் சேரும் இடத்தில் நான்கே நான்கு எம்8 ஸ்டட். உள்ளே போகும் வாயு 800 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கிட்டில் வரும் சாதா ஸ்டெயின்லெஸ் ஸ்டட் அந்தச் சூட்டில் இளகி நீளும். நட்டு கழலவே வேண்டாம், ஸ்டட் நீண்டாலே பிடி போய்விடும். முதலில் ‘டிக் டிக்’ என்று வாயு கசியும் சத்தம், பிறகு கேஸ்கெட் எரிந்து கருப்புப் புகைத்தடம், கடைசியில் ஸ்டட் முறிந்து பாதி உள்ளேயே நின்றுவிடும். இன்கோனல் ஸ்டட் நான்கும், மடக்கிப் பூட்டும் தகடோ நார்ட்-லாக் வாஷரோ வாங்கிவிடுங்கள். காகிதம்போல் வரும் கேஸ்கெட்டைக் கழித்துவிட்டு பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட் போடுங்கள். முதல் நூறு கிலோமீட்டர் ஓடி ஆறியபின் டார்க் ரெஞ்ச் வைத்து எல்லா நட்டையும் மறுபடி இறுக்க வேண்டும்.

ஆயில் லைனில் செய்யும் தவறு டர்போவையும் கொல்லும், இன்ஜினையும் கொல்லும். எண்ணெய் எடுக்கும் இடம், இன்டேக் பக்கம் ஆயில் ஃபில்டருக்கு அருகே உள்ள பிரஷர் சென்சார் துளை. அந்தத் துளையின் மரை 1/8 பிஎஸ்பிடி, அங்குலத்துக்கு 28 சுற்று. கிட்டில் வரும் ஃபிட்டிங் பெரும்பாலும் 1/8 என்பிடி, அதில் 27 சுற்று. முதல் இரண்டு மூன்று சுற்று அழகாக ஏறும், ‘பொருந்திவிட்டது’ என்று தோன்றும். அதற்குமேல் இறுக்கினால் மரை கடித்து ஒன்று கசியும், இல்லை பிளாக் பக்கத்து மரையே போய்விடும். பிஎஸ்பிடி அடாப்டரைத் தனியாக வாங்கி, எண்ணெய் தாங்கும் த்ரெட் சீலன்ட் தடவி மாட்டுங்கள். டெஃப்லான் டேப் வேண்டாம். அதன் துணுக்கு போய் டர்போவின் எண்ணெய்த் துளையை அடைத்துவிடும். ஜர்னல் பேரிங் டர்போவுக்கு எண்ணெய் வரத்தைக் குறைக்கும் ரெஸ்ட்ரிக்டர் தேவையில்லை. பால் பேரிங் டர்போவாக இருந்தால் சுமார் 1 மில்லிமீட்டர் துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் வேண்டும். இதை மாற்றிப் போட்டுவிட்டு ‘டர்போ புகைக்கிறது’, ‘டர்போ கத்துகிறது’ என்று சொல்பவர்கள் ஏராளம்.

எண்ணெய் திரும்பும் பைப் இன்னும் முக்கியம். டர்போவிலிருந்து எண்ணெய் நுரைத்துக்கொண்டு, அழுத்தமே இல்லாமல், புவியீர்ப்பால் மட்டும் கீழே இறங்குகிறது. உள்விட்டம் 16 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. பைப் எங்கும் மேலேறவோ மடங்கவோ கூடாது. இன்ஜினின் எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் சேரும் துளை எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். கிட்டில் வரும் ரப்பர் பைப் சூட்டில் மெத்தென்று ஆகி வளைவில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் தேங்கியதும் டர்போ சீலைத் தாண்டி எக்ஸாஸ்டில் நீலப் புகையாக வரும். சீல் போய்விட்டது என்று நினைத்து டர்போவை மாற்றினால் புதியதும் புகைக்கும். இந்த வண்டியில் சம்ப்பை இறக்க வேண்டுமானால் இன்ஜினைத் தூக்கவோ சப்ஃபிரேமை இறக்கவோ வேண்டும். அதனால் பலர் வண்டியில் இருந்தபடியே துளை போடுகிறார்கள். போடுங்கள், ஆனால் டிரில் பிட்டிலும் டேப்பிலும் கிரீஸை அப்பிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, ஒவ்வொரு முறையும் துடைத்து, கடைசியில் டிரெயின் போல்ட்டைத் திறந்துவைத்து மலிவு எண்ணெய் ஒரு லிட்டர் ஊற்றிக் கழுவுங்கள்.

தண்ணீர் லைன் உள்ள டர்போவானால் அதையும் கட்டாயம் இணையுங்கள். இணைத்தால் இன்ஜினை அணைத்தபின்னும் பேரிங் மெல்ல ஆறும், இன்ஜினைச் சற்று நேரம் ஓடவிட்டு அணைக்கும் டர்போ டைமர் தேவைப்படாது. எக்ஸாஸ்ட் இடப்பக்கம் இருப்பதால், இடதுகை ஸ்டியரிங் வண்டியில் பிரேக் மாஸ்டர் சிலிண்டரும் ஸ்டியரிங் ஷாஃப்டும் அதே பக்கத்தில் நிற்கும். நடுவில் வெப்பத் தகடு ஒன்று போட்டே ஆக வேண்டும்.

இன்டர்கூலர் இந்தப் பெட்டியிலேயே காசுக்கு மேல் மதிப்புள்ள பொருள். பார்-பிளேட் வகை என்றால் பயமில்லாமல் வைத்துக்கொள்ளலாம். உள்ளே அலுமினியத் துருவல் கிடக்கும், பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். பைப் முனைகளில் விளிம்பு மேடு இல்லாவிட்டால் ஹோஸ் பூஸ்டில் தெறித்துவிடும், மேடு போட்டுக்கொள்ளுங்கள். புழு கிளாம்ப்புகளுக்குப் பதில் டி-போல்ட் கிளாம்ப். வேஸ்ட்கேட்டுக்குப் போகும் சின்ன ஹோஸை டர்போவின் கம்ப்ரஸர் பக்கத்திலிருந்து எடுத்து, இரு முனையிலும் கட்டுங்கள். அது கழன்றால் பூஸ்டுக்குக் கட்டுப்பாடே கிடையாது. கன்ட்ரோலரை மாட்டவே வேண்டாம். கிராங்க்கேஸ் வாயுவை இன்டேக்குக்கு இழுக்கும் பிசிவி லைனில் ஒருவழி வால்வு ஒன்று சேருங்கள். இல்லாவிட்டால் பூஸ்ட் கிராங்க்கேஸுக்குள் புகுந்து டிப்ஸ்டிக்கைத் தள்ளும், கேம் கவரின் பின்பக்கம் எண்ணெய் வழியும்.

இனி எரிபொருள். சுமார் 200 குதிரைத்திறன் எதிர்பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். பூஸ்டில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.6 பவுண்டு பெட்ரோல் வேண்டும். மொத்தம் 120, ஒரு இன்ஜெக்டருக்கு 30. 80 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்கக்கூடாது என்றால் 37.5 பவுண்டு, அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 395 சிசி. கம்பெனி இன்ஜெக்டர் தருவது சுமார் 210. பாதிக்குப் பாதி பற்றாக்குறை. இதைச் சமாளிக்க சில கிட்டுகள் பூஸ்ட் ஏற ஏற, ஒரு பிஎஸ்ஐக்குப் பன்னிரண்டு பிஎஸ்ஐ வீதம் ஃப்யூல் பிரஷரை ஏற்றும் ரெகுலேட்டரைக் கொடுக்கின்றன. 6 பிஎஸ்ஐ பூஸ்டில் அது 72 பிஎஸ்ஐ கூட்டும். ஏற்கனவே உள்ள 40 சொச்சத்தோடு சேர்த்தால் 110-ஐத் தாண்டும். அந்த அழுத்தத்தில் பழைய பம்ப் தள்ளும் அளவு சரிந்துவிடும், இன்ஜெக்டர் திறக்கவே திணறும். பெட்ரோல் அதிகம் தேவைப்படும் அதே நொடியில் கலவையில் பெட்ரோல் குறைந்து, அதாவது லீன் ஆகி, கட்டுப்பாடில்லாமல் வெடிக்கும் டெட்டனேஷன் வந்து, பிஸ்டனின் ரிங் மேடு உடையும். அந்த ரெகுலேட்டரை வண்டியில் ஏற்றாதீர்கள்.

சரியான வழி: 400 முதல் 460 சிசி இன்ஜெக்டர், மணிக்கு 190 லிட்டர் பம்ப், மெகாஸ்குவர்ட் போன்ற தனி ஈசியு. 255 லிட்டர் பம்ப் வாங்கினால் கம்பெனி ரெகுலேட்டரால் ஐடிலில் பிரஷரைப் பிடித்து நிறுத்த முடிவதில்லை. ஈசியு மாறியதும் கதவுபோல் ஆடும் பழைய ஏர்ஃப்ளோ மீட்டர் போய்விடும். அதன் இடத்தில் இன்டேக் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரும், இன்டர்கூலருக்குப் பிறகு த்ராட்டிலுக்கு அருகே திறந்த முனை காற்று வெப்ப சென்சாரும் வரும். வைட்பேண்டுக்கு போஷ் எல்எஸ்யு 4.9 சென்சார், டர்போவிலிருந்து அரை மீட்டர் தள்ளி, முனை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி. சென்சாரின் உடல் கிடைமட்டத்துக்குக் கீழே போனால் பனிநீர் தேங்கி சென்சார் செத்துவிடும். பிளக் ஒரு படி குளிர்ந்தது, என்ஜிகே பிகேஆர்7இ, இடைவெளி 0.7 மில்லிமீட்டர்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன், இன்ஜின் பற்றிக்கொள்ளாதிருக்க, கேம் ஆங்கிள் சென்சார் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டர்போவின் கீழ் லைனில் எண்ணெய் வரும்வரை விட்டுவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். காற்றுப் பாதையை டர்போ வாயிலிருந்து 10 பிஎஸ்ஐக்கு ஊதி, சோப்புத் தண்ணீர் அடித்துக் கசிவு பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஈசியுவில் பிளக் பொறி விடும் டைமிங்கை ஒரே எண்ணில் நிறுத்தி, டைமிங் லைட் அடித்து அதே எண் புல்லியில் தெரிகிறதா என்று ஒத்துப்பாருங்கள். இங்கே ஐந்து டிகிரி பிசகினால் பிறகு செய்யும் டியூனிங் எல்லாம் பொய். பூஸ்டில் ஏர்-ஃப்யூல் 11.5-லிருந்து 11.8 வரை. 12.5-ஐக் கண்டால் உடனே காலை எடுங்கள். டைமிங் ஒவ்வொரு பிஎஸ்ஐ பூஸ்டுக்கும் ஒரு டிகிரி குறைவு. 6 பிஎஸ்ஐ என்பது மேப் சென்சாரில் 141 கேபிஏ. 160-ல் பூஸ்ட் கட் வைத்துவிடுங்கள். வேஸ்ட்கேட் ஹோஸ் கழன்றாலும் இன்ஜின் தப்பிக்கும்.

இதற்குப் பிறகு முதலில் கையை விரிப்பது கிளட்ச். மூன்றாம் நான்காம் கியரில் வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறும். அடுத்து டிஃபரென்ஷியல். 1.6 வண்டியின் 6 அங்குல டிஃப் டர்போ டார்க்கைத் தாங்கக் கட்டியதல்ல. 1.8 வண்டியின் 7 அங்குல டிஃபைப் பழைய உதிரிபாகக் கடையில் பார்த்து வையுங்கள். அரை ஆக்சில்களும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் அதோடு சேர்த்தே வாங்க வேண்டும், 1.6-ன் பாகங்கள் அதில் பொருந்தாது. கனெக்டிங் ராடுகளை மாற்றாதவரை சக்கரத்தில் 220 குதிரைத்திறனுக்குமேல் போக வேண்டாம்.