விமானத்துக்குள் 360 டிகிரி: ரிக்கோ தீட்டா இசட்1, சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

பழைய ராணுவ விமானத்தின் உள்பக்கத்தை 360 டிகிரி படமாக எடுக்க கேமரா தேடுபவர்கள் முதலில் மெகாபிக்சலைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் கேமராவின் தடிமனைப் பார்ப்பேன். முன்னும் பின்னுமாக இரண்டு லென்ஸ் வைத்து, இரண்டு படத்தையும் ஒட்டி ஒரே 360 டிகிரி படமாக்கும் தீட்டா இசட்1 2019-இல் வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ புது மாடல்கள் வந்தும் நான் இதை மாற்றாமல் இருப்பதற்குப் பெரிய காரணம், லென்ஸ் புடைப்பை விட்டுவிட்டால் இதன் உடம்பு 24 மி.மீ. தடிமன்தான் என்பது.

நான் அதிகம் எடுப்பது ஒஹாயோ மாநிலம் டேட்டனில் இருக்கும் அமெரிக்க விமானப்படையின் தேசிய அருங்காட்சியகத்தில். நுழைவுக் கட்டணம் கிடையாது. 2016-இல் திறந்த நான்காவது கட்டடத்தில் அதிபர்களைச் சுமந்த விமானங்கள் நிற்கின்றன, சிலவற்றுக்குள் நாமே ஏறி நடந்து போகலாம். 'சேக்ரட் கவ்' என்று பட்டப்பெயர் வாங்கிய சி-54 போக்குவரத்து விமானம் அதில் ஒன்று. சக்கர நாற்காலியில் இருந்த அதிபர் ரூஸ்வெல்ட்டை ஏற்றி இறக்க அதில் ஒரு லிஃப்ட் வைத்தார்கள், ஆனால் அவர் அதில் போனது 1945 யால்டா மாநாட்டுக்கு மட்டும்தான். அமெரிக்க விமானப்படையைத் தனிப் படையாக்கிய சட்டத்தில் அடுத்த அதிபர் ட்ரூமன் 1947-இல் கையெழுத்துப் போட்டதும் அதே விமானத்துக்குள். ஆனாலும் கூட்டம் அலைமோதுவது 'சாம் 26000' என்ற போயிங் விசி-137சி-யில்தான். அதிபர் கென்னடி சுடப்பட்ட நாளில், 1963 நவம்பர் 22 அன்று, துணை அதிபர் ஜான்சன் அதிபராகப் பதவியேற்றது இதற்குள். கென்னடியின் சவப்பெட்டிக்கு இடம் பண்ண பின்பக்கத் தடுப்பை அறுத்தார்கள்.

அந்தப் பதவியேற்புப் படத்தை எடுத்த செசில் ஸ்டவுட்டன் ஹாசல்பிளாட் கேமராவை வைத்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டி நின்றார், முதல் தடவை அழுத்தியபோது ஷட்டர் விழவே இல்லை. இப்போது நிலைமை இன்னும் நெருக்கம். இருக்கைகளையும் மேசைகளையும் யாரும் தொடாமல் இருக்க அக்ரிலிக் தடுப்புகள் வைத்திருக்கிறார்கள், நடுவில் நமக்கு மிஞ்சுவது ஒரு ஆள் போகிற சந்து, கொஞ்சம் பருமனானவர் என்றால் பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்க வேண்டும், பின்னால் வரிசை வேறு.

இங்கேதான் தடிமன் விளையாடுகிறது. இரண்டு லென்ஸ்களும் ஒரே புள்ளியில் இருந்து பார்ப்பதில்லை, பள்ளியில் படித்த இடமாறு தோற்றப் பிழைதான். இடைவெளி ஏறத்தாழ 24 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 3 மீட்டரில் இருக்கும் பொருளுக்கு இரண்டு பார்வைக்கும் வித்தியாசம் அரை டிகிரிகூட இல்லை, 30 செ.மீ.-இல் இருக்கும் பொருளுக்கோ 4 டிகிரிக்கு மேல், அங்கே இரண்டு படமும் ஒட்டும் இடத்தில் பிசகும். விமானத்துக்குள் எல்லாமே 30 செ.மீ.-இல்தான் இருக்கிறது! 2022-இல் வந்த இன்ஸ்டா360 ஒன் ஆர்எஸ் ஒரு அங்குல மாடல் என்ற 360 கேமராவிலும் இதே அளவு சென்சார்தான், ஆனால் உடம்பு இதைப்போல் இரண்டு மடங்கு தடிமன். வெளியே வயல்வெளியில் எடுத்தால் அது பெரிய விஷயமில்லை. விமானத்துக்குள் வேண்டாம்.

தடிமன் குறைவு என்பதால் மட்டும் இரண்டு படமும் சேரும் ஒட்டுக் கோடு மறைந்துவிடாது, கேமராவை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறோம் என்பதும் முக்கியம். லென்ஸ்கள் இரண்டும் இடது, வலது சுவர்களைப் பார்க்க வேண்டும். அப்போது ஒட்டுக் கோடு சந்தின் நீளவாக்கில் முன்னும் பின்னும் விழும், அங்கே பொருள்கள் தூரத்தில் இருப்பதால் பிசகு தெரியாது, கூரையில் மட்டும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கும். லென்ஸ்களை முன்-பின்னாகத் திருப்பினால் கோடு நேராகச் சுவரிலும் ஜன்னலிலும் ஏறி உட்காரும், ஜன்னல் விளிம்பு படியேறுகிற மாதிரி உடைந்து தெரியும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. தீட்டாவில் டைம் ஷிஃப்ட் என்று ஒரு வசதி இருக்கிறது, ஒரு லென்ஸ் முதலில் எடுக்கும், நாம் மறுபக்கம் போன பிறகு அடுத்த லென்ஸ் எடுக்கும், ஆள் படத்தில் விழாமல் தப்பிக்கலாம். லென்ஸ்கள் சுவரைப் பார்த்தால் சந்தில் நிற்கிற நான் இரண்டிலும் விழுவேன், அதனால் அது அங்கே உதவாது. கூட்டமில்லாத நேரத்தில் கேமராவை மோனோபாடில், அதாவது ஒற்றைக்கால் ஸ்டாண்டில், நிறுத்திவிட்டு, அடுத்த அறைத் தடுப்புக்குப் பின்னால் போய் ஃபோனில் இருந்து அழுத்துகிறேன். காலை 9 மணிக்குத் திறந்ததும் முதல் வேலையாக இந்தக் கட்டடத்துக்கு வந்துவிடுங்கள். ஸ்டாண்ட் விதிகள் இடத்துக்கு இடம் மாறும், வாசலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

அக்ரிலிக்கை ஜெயிக்க வழியே இல்லை. நேர் எதிரே பார்க்கும்போது தகட்டின் இரண்டு பரப்பும் சேர்ந்து சுமார் 8 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும், சரிவாகப் பார்க்கப் பார்க்க அது முகம் பார்க்கும் கண்ணாடியாகவே மாறிவிடும், எல்லாத் திசையும் பார்க்கிற கேமராவுக்கு ஏதோ ஒரு பக்கம் சரிவாகத்தானே இருக்கும். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் போடச் சொல்பவர்கள் இந்த முட்டைக்கண் லென்ஸைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன், அதில் எதையும் திருக முடியாது. வெளிர் சட்டை போடாமல் கறுப்பு போட்டுக்கொண்டு போவேன், ஃபோன் வெளிச்சத்தைக் குறைத்துவிடுவேன், அவ்வளவுதான்.

வெளிச்சம் குறைவு என்றாலும் எனக்குப் புகார் இல்லை. விமானம் கட்டடத்துக்குள் நிற்பதால் ஜன்னல் வழியாக வெயில் அடிக்காது, வெட்டவெளியில் நிற்கும் விமானங்களில் வரும் வெள்ளை ஜன்னல், கறுப்பு இருக்கை தொல்லை இங்கே இல்லை. எஃப்/2.1 துளையும் பெரிய சென்சாரும் நன்றாகவே சமாளிக்கின்றன. கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பான டிஎன்ஜி-யாக எடுத்துக் கணினியில் ஒட்டினால் நிழல் பகுதியில் நிறைய மீட்கலாம். நேரடி ஜேபெக் கொஞ்சம் மழுங்கலாக இருக்கும்.

விமானி அறைதான் இதன் பலவீனம். படம் 6720×3360, அதாவது ஒரு டிகிரிக்கு 19 பிக்சல்கூட இல்லை. ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் 5 மி.மீ. எழுத்துக்கு 5 பிக்சல் கிடைக்கும், படிக்க முடியாது. கருவிப் பலகையில் ஒவ்வொரு முள்ளும் தெரிய வேண்டும் என்றால் டிஎஸ்எல்ஆர், மிக அகலமாகப் பார்க்கும் 8 மி.மீ. ஃபிஷ்ஐ லென்ஸ், கேமராவை ஒரே புள்ளியில் சுழற்றும் பனோரமா ஹெட், படங்களை ஒட்டும் பிடிகுய் மென்பொருள் என்று போக வேண்டும், அதற்கு அறைக்குள் உட்காரத் தனி அனுமதியும் யாரும் அசைக்காத நேரமும் வேண்டும். வாசலில் எட்டிப் பார்க்கிற நமக்கு அது நடக்காது. 2022-இல் வந்த தீட்டா எக்ஸ் 11008×5504 தருகிறது, பேட்டரியும் மெமரி கார்டும் மாற்றலாம், ஆனால் சென்சார் சிறியது. வெளிச்சமான விமானம் என்றால் அதைத் தாராளமாக வாங்கலாம்.

இசட்1-இல் கார்டு போட இடமே கிடையாது. பழைய பதிப்பில் உள் நினைவகம் 19 ஜிபி, 2021-இல் வந்ததில் 51 ஜிபி. டிஎன்ஜி-யில் எடுப்பவர்களுக்கு 19 பற்றாது. பழசு வாங்குவதாக இருந்தால் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள், இரண்டு லென்ஸையும் டார்ச் அடித்துப் பாருங்கள். லென்ஸ் வெளியே புடைத்திருப்பதால் கீறல் விழ ரொம்ப நேரமாகாது, விழுந்தால் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒளிவட்டம் வரும்.