தண்டவாளத்தைத் தாண்டும் க்வெரி: நியோ4ஜேவா, போஸ்ட்கிரெஸ்ஸா?

வடசென்னையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, இந்தப் பக்கத்தை ஆள்வது தண்டவாளம்தான். தண்டையார்பேட்டையிலிருந்து வியாசர்பாடி பக்கம்தான். ஆனால் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்து, கணேசபுரம் சுரங்கப்பாதையிலும் தண்ணீர் நின்றுவிட்டால், பேசின் பாலம் வரை போய்ச் சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

தண்டையார்பேட்டையில் ஒரு மளிகை மொத்த வியாபாரியின் குடோனுக்கு டெலிவரி மென்பொருள் எழுதும்போது இதுவே கேள்வியாக வந்தது: கணேசபுரம் மூடினால் எந்தெந்தக் கடைக்கு எந்த வழியில் போவது? சந்திப்புகளும் கடைகளும் நோட், அதாவது புள்ளிகள்; சாலைகள் ரிலேஷன்ஷிப், அதாவது புள்ளிகளை இணைக்கும் கோடுகள். ஒரே தரவை, புள்ளிகளும் கோடுகளுமாகவே சேமிக்கும் நியோ4ஜே என்ற டேட்டாபேஸிலும், டேபிள்களாகச் சேமிக்கும் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸிலும் ஏற்றி, சில மாதம் இரண்டோடும் மல்லுக்கட்டினேன். வேகத்தில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. தப்பு நடந்தால் எது சீக்கிரம் வாய் திறக்கிறது என்றுதான் பார்த்தேன்.

எழுதுகிற சுகத்தில் நியோ4ஜேயை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதன் சைஃபர் மொழியில் கேள்வியைப் படமாகவே வரையலாம்:

(:குடோன்)-[:சாலை*1..8]->(:கடை)

குடோனில் கிளம்பி, எட்டுச் சாலைக்குள் எட்டுகிற கடைகள். அவ்வளவுதான். போஸ்ட்கிரெஸ்ஸில் இதற்கு, கிடைத்த விடையிலிருந்தே அடுத்த அடியைத் திரும்பத் திரும்பத் தேடும் 'வித் ரிகர்சிவ்' எழுத வேண்டும். 2009-ல் 8.4 பதிப்பிலேயே வந்துவிட்ட வசதி, நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அதே கேள்வி இருபது வரி ஆகும், மூன்று மாதம் கழித்துப் படித்தால் எழுதியவருக்கே மூச்சு வாங்கும். சைஃபரைக் கற்ற உழைப்பும் வீண் போகாது. கிராஃப் டேட்டாபேஸ் மொழிகளுக்காக 2024-ல் ஐஎஸ்ஓ வெளியிட்ட ஜிக்யூஎல் தரநிலை பெரும்பாலும் அதன் சாயலில்தான் இருக்கிறது.

சரி, தப்பு நடந்தால்?

நோட் எந்த வகை என்று சொல்லும் 'சந்திப்பு' என்ற லேபிளை ஒற்று விட்டு 'சந்திபு' என்று எழுதிவிட்டீர்கள். போஸ்ட்கிரெஸ் என்றால் அப்படி ஒரு டேபிளே இல்லை என்று அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். நியோ4ஜே க்வெரியை, அதாவது நாம் கேட்ட கேள்வியை, ஓட்டிக் காலியான விடையைத் தரும். கூடவே ஒரு எச்சரிக்கையும் வரும். பிரவுசர் திரையில் அது கண்ணில் படும். ஆனால் நம் நிரல் வழியாக ஓட்டும்போது அதை எடுத்து லாகில் எழுதாவிட்டால் யாருக்கும் தெரியாது. கடைக்கு வழியே இல்லை என்று நம்பி உட்கார்ந்திருப்போம்.

இதைவிட என்னை அலைக்கழித்தது சைஃபரின் 'மெர்ஜ்' கட்டளை. இருந்தால் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் உருவாக்கு என்பது அதன் பொருள் என்று நினைத்து, மூலக்கடை, சாலை, வியாசர்பாடி மூன்றையும் ஒரே வரியில் மெர்ஜ் செய்தேன். அது பார்ப்பது முழு வடிவத்தையும் சேர்த்து. மூலக்கடை ஏற்கெனவே இருந்தாலும், வியாசர்பாடிக்குப் போகும் அந்தச் சாலை இல்லையென்றால், மூலக்கடையையும் சேர்த்துப் புதிதாக ஒன்று உருவாக்கிவிடும். பெயர்வாரியாக நோட்களை எண்ணிப் பார்த்தபோது ஏழு மூலக்கடை இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சாலை. வழி எப்படிக் கிடைக்கும்? ஒரே பெயர் இரண்டு முறை வரக் கூடாது என்ற யுனிக் கன்ஸ்ட்ரெயின்ட் முதலிலேயே போட்டிருந்தால், இரண்டாவது மூலக்கடை பிறக்கும்போதே பிழை வந்திருக்கும். இலவசப் பதிப்பிலேயே அந்த வசதி உண்டு. அப்புறம் நோட்களைத் தனித்தனியாக மெர்ஜ் செய்துவிட்டு, கடைசியில் சாலையை மெர்ஜ் செய்தேன். சரியாகிவிட்டது.

போஸ்ட்கிரெஸ்ஸின் பொறி வேறு இடத்தில் இருக்கிறது. சாலைகள் வட்டமடிக்கும் ஊரில் கிடைத்த வரிசைகளை எல்லாம் அப்படியே சேர்க்கும் 'யூனியன் ஆல்' போட்டு ரிகர்சிவ் எழுதினால் வண்டி நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரே மாதிரி வரிசைகளை நீக்கிவிடும் வெறும் 'யூனியன்' காப்பாற்றும் என்று நினைப்போம். கடந்த தூரத்தையும் ஒரு நெடுவரிசையாக வைத்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் வரிசை புதிதாகிவிடும், அதனால் காப்பாற்றாது. 14-ஆம் பதிப்பில் வந்த, வட்டத்தைக் கண்டுபிடித்து நிறுத்தும் 'சைக்கிள்' இதற்கு நல்ல மருந்து. சைஃபர் ஒரே பாதையில் ஒரு சாலையை இரண்டாம் முறை தொடாது, ஆகவே முடிவில்லாமல் சுற்றாது. ஆனால் '1..8' என்ற மேல் எல்லையை எடுத்துவிட்டு மண்ணடியின் கட்டம் கட்டமான தெருக்களில் விட்டுப் பாருங்கள். தம்பு செட்டி தெருவுக்கும் லிங்கி செட்டி தெருவுக்கும் நடுவிலேயே சாத்தியமான பாதைகள் பெருகி மெமரி தீர்ந்துபோகும்.

க்வெரி மெதுவாகும்போது அது எந்தப் படியில் எவ்வளவு உழைத்தது என்று காட்ட நியோ4ஜேயில் 'ப்ரொஃபைல்', போஸ்ட்கிரெஸ்ஸில் 'எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ்'. நியோ4ஜேயின் படம் கண்ணுக்கு எளிது. டிபி ஹிட்ஸ், அதாவது தரவைத் தொட்ட எண்ணிக்கை, எந்தப் படியில் குபீரென்று ஏறுகிறது என்று பார்த்தால் போதும். அங்கே 'நோட் பை லேபிள் ஸ்கேன்' இருந்தால், சீக்கிரம் தேட உதவும் இன்டெக்ஸ் பயன்படவில்லை, ஒரு லேபிளின் எல்லா நோட்களையும் தேடுகிறது. 'கார்ட்டீசியன் ப்ராடக்ட்' இருந்தால் இரண்டு வடிவங்களை இணைக்காமல் விட்டிருக்கிறீர்கள், ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஜோடி சேர்க்கிறது. போஸ்ட்கிரெஸ்ஸில் நான் முதலில் பார்ப்பது சாலை டேபிளிலிருந்து சந்திப்பு டேபிளைச் சுட்டும் ஃபாரின் கீ நெடுவரிசைகளில் இன்டெக்ஸ் இருக்கிறதா என்று. அது தானாக வராது.

தூரம் என்று வந்தால் என் ஓட்டு மாறும். சைஃபரின் 'ஷார்ட்டஸ்ட் பாத்' எண்ணுவது சாலைகளின் எண்ணிக்கையை, கிலோமீட்டரை அல்ல. கிலோமீட்டர் வேண்டுமென்றால் கிராஃப் டேட்டா சயன்ஸ் போன்ற கூடுதல் நூலகத்தில் உள்ள டைக்ஸ்ட்ரா என்ற குறைந்த தூர வழிமுறைக்குப் போக வேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸில் பிஜி ரௌட்டிங் என்ற நீட்சி அந்த வேலைக்கென்றே செய்தது. பேக்கப்பும் போஸ்ட்கிரெஸ்ஸில் ஓடும்போதே எடுக்கலாம். நியோ4ஜே இலவசப் பதிப்பில் டேட்டாபேஸை நிறுத்தித்தான் டம்ப், அதாவது முழு நகல், எடுக்க முடியும். போஸ்ட்கிரெஸ்ஸுக்குள்ளேயே சைஃபர் தரும் அப்பாச்சி ஏஜ் என்ற நீட்சியும் இருக்கிறது, அதை நான் ஆழமாகப் பயன்படுத்தவில்லை.

ஆக, எங்கள் குடோனுக்கு வழியும் தூரமும் போஸ்ட்கிரெஸ்ஸுக்கு வந்துவிட்டன. எந்தக் கடை, எந்த டிரைவர், எந்தச் சரக்கு, எந்தப் புகார் என்று நாலைந்து கை மாறிப் போகும் தொடர்புகளைத் தேட நியோ4ஜேயை விடவே மாட்டேன்.

மழைக்கு முன் இரண்டிலும் கணேசபுரம் சாலைக்கு 'மூடியது' என்று ஒரு பண்பு வைத்து, மூடாத சாலைகளை மட்டும் கேட்டேன். நியோ4ஜேயில் ஒரு சாலைகூட வரவில்லை. பண்பே இல்லாத சாலைகளில் அது நல், அதாவது மதிப்பே இல்லாதது; நல்லுக்கு 'நாட்' போட்டாலும் நல்தான். போஸ்ட்கிரெஸ்ஸில் 'நாட் நல், டீஃபால்ட் ஃபால்ஸ்' என்று ஒரே வரியில் அந்த நெடுவரிசையைக் கட்டிவைத்திருந்தேன், அதனால் தப்பித்தேன். நியோ4ஜேயில் பண்பு இருந்தே ஆக வேண்டும் என்ற கன்ஸ்ட்ரெயின்ட் கட்டணப் பதிப்பில்தான். அதனால் இப்போது சாலையை ஏற்றும் ஸ்கிரிப்ட்டே ஒவ்வொன்றிலும் ஃபால்ஸ் எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறது.