குழந்தை சொல்லப் பெரியவர் எழுதுவதா, குழந்தையே எழுதுவதா?

ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தையைக் கதை எழுதப் பழக்க விரும்புவோர் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குழந்தை வாயால் சொல்வதைப் பெரியவர் எழுதித் தருவது ஒன்று. பிழை வந்தாலும் பரவாயில்லை என்று பென்சிலைக் குழந்தையின் கையிலேயே கொடுத்துவிடுவது மற்றொன்று. படங்களையோ, ‘தொடக்கம், சிக்கல், முடிவு’ என்ற சட்டகத்தையோ கொடுத்து நிரப்பச் சொல்வது மூன்றாவது. தொடக்கத்துக்கு முதல் வழியே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அவ்வழியில் ஒரு குறை இருக்கிறது. அதை இரண்டாவது வழியால்தான் தீர்க்க முடியும்.

கதை எழுதும்போது குழந்தை ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்று யோசிப்பது ஒரு வேலை. அந்த யோசனையை எழுத்தெழுத்தாகத் தாளில் இறக்குவது மற்றொரு வேலை. இரண்டாவது வேலை கைக்குப் பழகாத வயதில் அதுவே கவனத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. “மேகத்துக்குள்ள ஒரு திமிங்கலம் மாட்டிக்கிச்சு, அது அழுதாத்தான் மழை வரும்” என்று தயக்கமின்றிச் சொல்லும் குழந்தை, பென்சிலைப் பிடித்தவுடன் ‘ஒரு மீன் இருந்தது. அது பெரிய மீன்’ என்று எழுதி நிறுத்திவிடும். கற்பனை வற்றிவிடவில்லை, தான் எழுதத் தெரிந்த சொற்களுக்குள் அடங்கும் கதையை அது தேர்ந்தெடுத்திருக்கிறது. எழுதிய இரண்டு வரியை மட்டும் பார்ப்பவர், இக்குழந்தைக்குக் கதை வரவில்லை என்று தவறாக முடிவுகட்டிவிடக்கூடும்.

குழந்தை சொல்லப் பெரியவர் எழுதும் முறை இந்தச் சுமையைக் குறைக்கிறது. அமெரிக்க மழலையர் வகுப்பு ஆசிரியை விவியன் பேலி (1929–2019) குழந்தைகள் சொன்ன கதைகளை அவர்களுடைய சொற்களிலேயே எழுதி, பின்னர் வகுப்பில் எல்லோரும் சேர்ந்து நடிக்கச் செய்தார். நடிப்பதற்காக வாசிக்கும்போது கதையில் விட்டுப்போனது குழந்தைக்கே புலப்படும் என்பதுதான் இம்முறையின் பெரிய வலிமை. வீட்டில் நடிக்க ஆளில்லாவிட்டாலும், எழுதியதை உடனே உரக்க வாசித்துக் காட்டினால் பாதிப் பயன் கிடைத்துவிடும். “யானை கிணத்துல விழுந்துச்சு. அப்புறம் எலி வந்துச்சு. அவ்வளவுதான்” என்று குழந்தை முடித்தால், வாசித்துக் காட்டிவிட்டு “எலி ஏன் வந்துச்சு?” என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்கலாம். இரண்டாவது கேள்வியிலிருந்து கதை மெல்லப் பெரியவருடையதாக மாறத் தொடங்கும்.

‘விழுந்துச்சு’ என்பதை அப்படியே எழுதுவதா, ‘விழுந்தது’ என்று மாற்றுவதா என்ற கேள்வி தமிழில் எழுதும் எவருக்கும் வரும். முதலில் சொன்னபடியே எழுதுவதுதான் நல்லது என்பேன். தன் வாயிலிருந்து வந்த சொல்தான் தாளில் இருக்கிறது என்ற நம்பிக்கை இம்முறைக்கு அடித்தளம். பெரியவர் அந்தச் சொல்லை மாற்றினால் குழந்தை அதை உடனே கவனிக்கிறது. கதைப் புத்தகங்களை வாசித்துக் கேட்டு வளரும் குழந்தை, சில மாதங்களில் கதைசொல்லும் இடங்களில் ‘விழுந்தது’ என்றும் பாத்திரங்கள் பேசும் இடங்களில் ‘விழுந்துட்டேன்’ என்றும் தானே பிரித்துச் சொல்லத் தொடங்குவது அரிதன்று.

இனி குறைக்கு வருவோம். எழுத்து மொழி பேச்சு மொழியைவிடப் பின்தங்குவதற்கு, எதிரே ஆளில்லாமல் பேச வேண்டியிருப்பது ஒரு முக்கியக் காரணம் என்று ருஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி 1934-இல் வெளியான தம் நூலில் விளக்கினார். பெரியவர் எதிரில் அமர்ந்து எழுதும்போது அந்த ஆள் இருந்துகொண்டே இருக்கிறார். ‘அவன் அங்க போனான்’ என்றால் எவன், எங்கே என்பது அவருக்குப் புரிந்துவிடுகிறது. புரியாவிட்டால் அவர் முகமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. தான் இல்லாத இடத்தில் வேறொருவர் வாசிப்பார் என்பதை மனத்தில் வைத்து எழுதும் பழக்கம் இவ்வழியில் மட்டும் வராது. குரல்வழித் தட்டச்சும் இக்குறையைத் தீர்ப்பதில்லை. அதில் ஆவலோடு கேட்கும் முகமும் இல்லை, எழுதும் பயிற்சியும் இல்லை. ஆகவே சிறு குழந்தைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குழந்தையே எழுதும் வழியின் சிறப்பு இங்குதான் தெரிகிறது. தான் எழுதியதை மறுநாள் தானே வாசிக்க முடியாமல் திணறும்போது, எழுத்து எதற்காக என்பதைக் குழந்தை நேரடியாக உணர்கிறது. இவ்வழி பலன் தர ஒரே நிபந்தனை, காதில் விழுந்தபடி எழுத அனுமதிப்பது. ‘மழை’யை ‘மலை’ என்றோ ‘மள’ என்றோ எழுதும் குழந்தை ஒலிக்கு எழுத்தைத் தேடிப் பொருத்துகிறது. பள்ளிக்குச் செல்லும் முன்பே ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கிய குழந்தைகளின் இத்தகைய எழுத்துகளில் ஒலி சார்ந்த ஓர் ஒழுங்கு இருப்பதை, மொழியியலாளர் சார்லஸ் ரீட் 1971-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். முதல் வரியிலேயே சிவப்பு மையைக் கண்ட குழந்தை, அடுத்த முறை திமிங்கலத்தை விட்டுவிட்டு மீனுக்கே திரும்பும். எழுதுமுன் படம் வரைய விடுவது இங்கே பெரிதும் உதவும். வரைந்த படம் கண்முன் இருப்பதால், எழுத்தில் கவனம் போனாலும் கதை மறந்துபோவதில்லை.

சட்டகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைத்தாளைக் கண்டு அஞ்சும் குழந்தைக்கு அது பிடிமானம் தரும். தொடர்ந்து கொடுத்தால் எல்லாக் கதைகளும் ஒரே அச்சில் வரும். அதைவிட இத்தாலிய எழுத்தாளர் ஜான்னி ரோதாரி (1920–1980) கையாண்ட முறை மேலானது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு சொற்களைக் கொடுத்து, அவற்றுக்கிடையே உறவைக் கண்டுபிடிக்கச் சொல்லும் முறை அது. ‘ஆமை’, ‘குடை’ என்று கொடுத்துப் பாருங்கள். குடைக்குள் ஆமை, ஆமையின் குடை, குடையாகிப்போன ஆமை என்று இரு சொற்களும் இணையும் விதம் மாற மாற ஒவ்வொன்றும் ஒரு கதையாகும். சட்டகம் கதையின் முடிவைக்கூட முன்னரே வரையறுத்துவிடுகிறது; இந்த இரு சொற்கள் தொடக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன.

முதல் வழியிலிருந்து இரண்டாவதற்கு ஒரே நாளில் தாவ வேண்டியதில்லை. பெரியவர் எழுதும் கதையில் தலைப்பையும், ‘டமார்’ போன்ற ஒலிச்சொற்களையும் குழந்தை எழுதட்டும். பிறகு கடைசி வரியை, பிறகு தனக்குப் பிடித்த ஒரு பகுதியை எழுதட்டும். பெரியவர் எழுதி முடிக்கும்வரை பொறுக்காமல் குழந்தை பென்சிலைப் பிடுங்கத் தொடங்கினால், கொடுத்துவிடலாம். அந்தக் கதையை, அது உருவானபோது அருகில் இல்லாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். “இதுல ‘அவன்’ன்னா யாரு?” என்று அவர் கேட்பது பெரியவரின் எந்தத் திருத்தத்தையும்விட ஆழமாகப் பதியும். எழுத்துப்பிழைகளை அதன் பிறகு, கதையைத் தைத்துச் சிறு புத்தகமாக்கும் வேளையில், குழந்தையோடு அமர்ந்து திருத்திக்கொள்ளலாம்.